உதடு அதிரும் இரண்டு விதம்

ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது.
உதடுதான் சீவாளி.
இருபத்தாறு வருஷமாக
குடியாத்தத்துக் கல்யாணங்களையும் சாவுகளையும்
இந்த இரண்டு அங்குலச் சதையால் ஊதுகிறேன்.

கெங்கையம்மன் சிரசுக்கு முந்தின நாள்
மேலுதட்டின் இடது விளிம்பில்
எள்ளளவு இடம் குறுகுறுத்தது.
ராத்திரிக் கச்சேரியின் மிச்சம் என்று நினைத்தேன்.
விடிந்து கண்ணாடியில் பார்த்தால்
நாலைந்து நீர்க்கொப்புளம்,
ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு
மீன்முட்டை மாதிரி.

"பல்லி மூத்திரம் பட்டிருக்கு" என்றாள் சுகுணா,
சுவரை ஒரு முறை முறைத்துவிட்டு.
"சூடு. எளநி குடி" என்றான் லாரி ஷெட் கன்னியப்பன்.
"அக்கிபா. காவில சிங்கம் எழுதணும்"
டீக்கடையில் எவரோ.
மருந்துக்கடைப் பையன்
படர்தாமரைக் களிம்பு கொடுத்தான்.
சாக்ஸஃபோன் தேவநேசன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்காமல்
தன் பையில் எதையோ தேடினான்.
போன மாசம் திருப்பத்தூரில்
நான் ராத்தங்கியதை
மனசுக்குள் கணக்குப் போடுகிறான்.

அன்றைக்கும் ஊதினேன்.
சிரசு தெருவுக்குள் திரும்பும்போது
மேல்ஸ்தாயி எட்டவில்லை.
அத்தனை கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.
எனக்குக் கேட்டது.
வாயெல்லாம் உப்பும் பித்தளையும்.

மூன்றாம் நாள் அடுக்கம்பாறை.
தோல் பிரிவு, டோக்கன் எழுபத்தொன்று.
டாக்டர் ஷாஹிதா டார்ச் அடித்துப் பார்த்தார்.
ஊசி இல்லை, ரத்தம் எடுக்கவில்லை.
கேள்விகள்தான்:

"வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி ஊறிச்சா?"
"போன தடவையும் இதே எடமா?"
"வெயில்ல நின்னா வருதா? ஜுரம் அடிச்சா?"

இதே இடம்.
ஒவ்வொரு கத்திரியிலும் இதே இடம்.
நான் மறந்துவிட்டிருந்தேன்,
உதடு மறக்கவில்லை.

வாயோரம் ரெண்டு பக்கமும் வெடித்தால் அது வேறு,
கன்னத்தின் உள்ளே வெள்ளையாய்க் குழி விழுந்தால் அது வேறு,
இது விளிம்பில் கொத்தாய்க் கிளம்பும், உடையும்,
தேன்நிறத்தில் பொருக்குக் கட்டும்,
பத்து நாளில் தடமில்லாமல் போய்விடும் என்றார்.
போகாது என்றார் அடுத்த மூச்சில்.
காதுக்கு முன்னால், எலும்புக்குள்,
ஒரு நரம்பு முடிச்சில் சுருண்டு தூங்குமாம்.

"எப்ப தொத்திச்சு?"
"தெரியாது. சின்ன வயசுல யாராவது கொஞ்சியிருப்பாங்க."

கேட்டாயா தேவநேசா,
திருப்பத்தூர் இல்லை.
ஏதோ ஒரு முத்தம்.
கொடுத்தவர் யாரென்று சொல்ல
இன்றைக்கு ஆளில்லை.

சீட்டை நீட்டியவர் கையை எடுக்காமல் கேட்டார்:
"வீட்ல கைக்கொழந்த இருக்கா?"

இருந்தது.
பதினெட்டு நாள்.
வினோலியாவின் பிள்ளை, இன்னும் பேர் வைக்கவில்லை.
முந்தாநாள் காலையில் அதன் நெற்றிமேல் குனிந்தேன்.
தும்மியது.
சிரித்துக்கொண்டே நிமிர்ந்துவிட்டேன்.
படவில்லை.
படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
பள்ளிகொண்டா தாண்டும்வரை பஸ்ஸில்
அந்த ஒரு தும்மலையே
திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது வித்தியாசம் தெரியும்.
ஊதிய அதிர்வு உதடு முழுக்க இருக்கும்,
ஒரு டம்ளர் தண்ணீரில் அடங்கும்.
இது ஒரே புள்ளியில் நிற்கும்,
உள்ளிருந்து யாரோ
சுருதி சேர்க்கிற மாதிரி.
களிம்பு அந்த நேரத்துக்குத்தான்,
கொப்புளம் வந்தபின் தடவி லாபமில்லை.

பொருக்கு உதிரும்வரை
அறைக்குள் போகவில்லை.
ஊதுவாயைத் தனித்துணியில் சுற்றி வைத்தேன்.
நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று,
முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு,
கருவியில்லாமல்
ஒரே ஒரு ஸ்வரம் முனகிக் காட்டினேன்.

அதற்கு இன்னும் சிரிக்கத் தெரியாது.
தூளியின் விளிம்பைத் தாண்டி
ஒரு கால் மட்டும் ஆடியது,
தாளம் தப்பி.