நாலு மணித் தராசு

வட்டு தொண்ணூற்றெட்டு சதம் நிரம்பிவிட்டதென்று
முந்தாநாளிலிருந்து மிஷின் புலம்பல்.
கடலூர் முதுநகர், ஐஸ் கம்பெனியின் பின்னறை.
அம்மோனியா வாடை. காலடியில் ஈரச் சாக்கு.
இரவு பதினொன்றே கால்.

நூலகம் என்று தமிழில் சொல்கிறார்கள் இதை.
உட்கார ஒரு பெஞ்சு கிடையாது,
புரட்ட ஒரு பக்கம் கிடையாது.
ஒரு நிரல் கூப்பிட்டால் எழுந்து வந்து
அதன் வேலையில் பாதியைப் பார்த்துக் கொடுக்கும் கோப்புகள்.
கூப்பிட்டது செத்த பிறகும்
போகத் தெரியாமல் கிடப்பவை.

பட்டியல் கேட்டேன்.
யாருக்கும் தேவைப்படாதவை: இருநூற்றுப் பதின்மூன்று.
ஒரே பெயரில் நாலு, ஐந்து, ஆறு என
வால் எண் மட்டும் மாறி
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல் ஒரே அறையில்.
பிரெஞ்சுக்காரன் அச்சுப்பொறிக்கென்று ஒன்று.
இங்கே பிரெஞ்சும் இல்லை, அந்தப் பொறியும் இல்லை.
பாண்டியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிஷின்,
கட்டிலோடு வரும் மூட்டைப்பூச்சியாய்க் கூடவே வந்திருக்கிறது.

இரக்கம் ஒன்றும் வரவில்லை.
அழி என்றேன். நிஜமாகவா என்றது.
நிஜமாகத்தான்.
வட்டு அறுபத்தொன்றுக்கு இறங்கியது.
பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு
நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன்.

தராசு நிரல் நாலு மணிக்குத்தான் எழும்.
சோனாங்குப்பத்துப் படகுகள் வரும் நேரம்.
கலிவரதன் கதவைத் தட்டவில்லை, உதைத்தார்:
"எடை காட்டுது, சீட்டு வரல!"
அவருக்குப் பின்னால் கூடை கூடையாய்ச் சங்கரா,
காரப்பொடி, கோபம்.

திரையில் ஒற்றை வரி:
கோப்பைத் திறக்க முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை.
நாலாம் எண்.
எட்டு வருஷத்துக்கு முன் பெலவேந்திரன் என்றொருவன்
தராசு நிரலைக் கையாலேயே தொகுத்து
எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாமல்
ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு மஸ்கட் போய்விட்டான்.
யாருக்கும் தேவைப்படாதவை என்றால்
எனக்குத் தெரிந்த யாருக்கும் என்று அர்த்தமாம்.
இதை அது
முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

முந்தின வார பேக்கப்பில் இருந்தது.
எடுத்து வைக்கப் பதினேழு நிமிஷம்.
அதுவரை கலிவரதன் பீடிக்கட்டு உறையில் எடை எழுதினார்.
பிறகு ஒத்துப்பார்த்தேன்,
ஒரே ஒரு கூடையில் முக்கால் கிலோ இடித்தது.
கேட்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு போனது போனதுதான்.
ஒன்றை மட்டும் திருப்பி வைத்து
பக்கத்தில் ஒரு வெற்றுக் கோப்பு.
உள்ளே எதுவுமில்லை, பெயர்தான் சேதி:
தொடாதே_தராசு_நாலுமணி.

விடிந்து, உப்பனாற்றுப் பாலத்தில் ஸ்கூட்டி.
கைப்பையில் சாவிக்கொத்து குலுங்கியது.
ஏழு சாவி. மூன்று
எந்தப் பூட்டுக்கென்று எனக்கே தெரியாது.
நடுப்பாலத்தில் நிறுத்தினேன்,
எதிரே வந்த மீன் லாரிக்கு
வழிவிட.