சாப்பாட்டு டப்பா

ஆர்லின் ஹாஃப்ஸ்டெட் தன் அப்பாவின் டப்பாவை
மேசைமேல் வைத்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"இதில்தான் சாப்பாடு கொண்டுபோவார்.
அங்கே என்ன செய்கிறார்கள் என்று
அம்மாவுக்கே தெரியாது."

படிவத்தில் எழுதினேன்:
தகரம். பச்சை. உடைந்த கைப்பிடியில் கம்பிக் கட்டு.

வாரத்தில் ஒரு விடிகாலை வாசலில் இரண்டு புட்டிகள்:
பால்காரன் வைத்துப்போனது ஒன்று,
கம்பெனி வண்டி எடுத்துப்போக அப்பாவின் சிறுநீர் ஒன்று.
மாற்றி எடுத்துவிடாதே என்று
தம்பியை மிரட்டியதைச் சொல்லிச் சிரித்தாள்.

கருவியை நீட்டினேன்.
மூடிக்குள், ரொட்டி வைக்கும் மூலையில்,
கடுகு வெடித்தது.
சிரிப்பு நின்றது.

சத்தம் போடும் பொருளை
அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளாது.
படம் மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.
டப்பா மஞ்சள் பையில் போகும்,
செர்ரித் தோப்புக்காரர்களை
முப்பது நாளில் காலி செய்யவைத்த
அதே மண்ணுக்கு.

"எத்தனை நாள் பத்திரமாக இருக்கும்?"
நம் இருவரையும்விட, என்றேன்.

அவள் போனபின்
இருப்பிடம் என்ற கட்டத்தில்
கொலம்பியா ஆற்றுக்கு மேற்கே, ஆறு மீட்டர் ஆழம்
என்று எழுதினேன்.
இந்தப் பேனாவின் மை
நாற்பது வருடம் தாங்குமென்று
உறையில் போட்டிருக்கிறது.