இடக்கோடு, வலக்கோடு

இரண்டாம் ஆண்டுத் தேர்வில்
'நுழைவாயில்' எழுதச் சொன்னார்கள்.
நான் 'மக்கள்தொகை' எழுதிவிட்டு வந்தேன்.

சிரிக்க வேண்டாம்.
ஜப்பானிய எழுத்தில் இரண்டுக்கும் நடுவே
ஒரு கோட்டின் தலைக்கனம்தான் வித்தியாசம்.
இடப்பக்கம் சாய்கிற கோடு தலைதூக்கினால் மனிதர்,
வலப்பக்கம் சாய்கிற கோடு தலைதூக்கினால் நுழை.
அடுத்து ஒரு சின்னச் சதுரம்: வாய்.
நுழை, வாய்.
ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில்
தமிழ் படித்த ஆறு வருஷத்தில்
வாயிலுக்குள் ஒரு வாய் இருப்பதை
நான் பார்த்ததே இல்லை.
யாங்கோன் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில்,
மின்விசிறி நின்றுபோன மூன்றாம் மாடி அறையில்
பார்த்தேன்.
பார்த்த மகிழ்ச்சியில் தவறாக எழுதினேன்.

சயாமா நிலார் சிவப்பு மையால் சுழித்து
இரண்டு மதிப்பெண் எடுத்துக்கொண்டார்.
ஓரத்தில் பர்மிய மொழியில் ஒரு வரி:
"ஆட்கள் வந்துவிட்டார்கள், கதவைத்தான் காணோம்."

மற்றபடி இந்த மொழி எனக்கு எதிரியில்லை.
வினைச்சொல் வரிசையின் கடைசியில் நிற்கிறது,
வீட்டுத் தமிழில் போல, தெருப் பர்மியத்தில் போல.
"நான் நேற்று அந்தச் சோற்றை..." என்று இழுத்து
எதிரில் இருப்பவர் முகம் பார்த்து
தின்றேனா தின்னவில்லையா என்று முடிவெடுக்க
மூன்று மொழியிலும் அவகாசம் உண்டு.

வருகைப் பதிவேட்டில் நான் மா தண்டா.
வீட்டில் மங்கை.
ஒசாகாவிலிருந்து வந்த மொரிவாகி ஆசிரியர்
வீட்டுப் பெயரைக் கேட்டு வாங்கி
அவர்கள் எழுத்தில் எழுதி, உரக்கப் படித்தார்:
"மாங்காய்."
வகுப்பில் தமிழ் தெரிந்தவர் வேறு யாருமில்லை.
உப்பும் மிளகாய்ப்பொடியும்
எனக்கு மட்டும் நாவில் ஊறின.

தெற்கு டகோனில் அண்ணன் தனவேலுக்கு வேலை
ஜப்பானில் ஓய்ந்த பேருந்துகளின் விலாவை அறுப்பது.
அங்கே இடப்பக்கம் ஏறுவார்கள்.
இந்த நாடு எழுபதில், ஒரே நாளில்
சாலையின் வலப்பக்கம் மாறிக்கொண்டது.
கப்பலில் வருகிற வண்டிகளுக்கு அது தெரியாது;
அவற்றின் கதவு நடுரோட்டில் திறக்கும்.
அதனால் இடக்கதவைப் பற்றவைத்து மூடி
வலப்பக்கத் தகரத்தில் புதிதாக ஒன்று வெட்டுகிறான்.

விடைத்தாள் வந்த அன்று
சாப்பாட்டுத் தூக்கோடு போனேன்.
கொட்டகையில் ஒரு பாலர் பள்ளி வண்டி.
மஞ்சள் நிறம், பின்னால் வாத்துப் படம்.
இருக்கை முதுகில் ஆணியால் கீறிய பெயர், ஷினோபு.
அவளுக்கோ அவனுக்கோ இப்போது என் வயது இருக்கலாம்.

"என்ன எழுதியிருக்கு, படி" என்றான்
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
பற்றவைத்த தழும்பு இன்னும் சுட்டது.
அதற்கு ஒரு சாண் மேலே, நீல எழுத்தில்
ஒட்டியிருந்தது
என் இரண்டு மதிப்பெண்.

"வாசல்."
"எது?"
"நீ மூடினது."

தூக்கைத் திறந்தான், திரும்ப மூடினான்.
"அப்ப நான் வெட்டினதுல ஒண்ணுமே எழுதலையே."
தகரத்தில் அளவு குறிக்கிற சாக்பீஸை
என் பக்கம் நீட்டினான்.

வலப்பக்கம் போனேன்.
வெறும் ஓட்டை, விளிம்பெல்லாம் பிசிறு.
கை அந்தரத்தில் நின்றது. எந்தக் கோடு?
இந்த ஊரில் எந்தப் பக்கம் ஏறுவோம்?
வலக்கோட்டைத் தலைதூக்க விட்டேன்.
பக்கத்தில் வாயை வரைந்தேன், கொஞ்சம் பெரிதாக.

அடுத்த மாதம் அதே வண்டியில்
தாம்வே நிறுத்தத்தில் ஏறினேன்.
ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.
குழந்தைகளுக்கு அளந்த இருக்கைகளில்
முழங்கால் மூக்கைத் தொட உட்கார்ந்திருந்தார்கள்,
கூடையில் கோழி, மடியில் அரிசிமூட்டை,
வாசலில் தொங்கியவர்கள் மட்டும் ஏழு பேர்.
என் எழுத்தை யாருடைய முதுகோ துடைத்துப் போயிருந்தது.
எட்டாவதாகக் கம்பியைப் பிடித்தபடி நினைத்தேன்,

சயாமாவிடம் பேசிப் பார்க்கலாம்.
ஒரு மதிப்பெண்ணாவது திருப்பித் தரலாம்.