அக்டோபர் முப்பத்தொன்று

முல்டே ஆற்றோரத்து எங்கள் ஓபரா அரங்கில்
ஒப்பந்தம் நீளாது என்கிற கடிதம் வருவதானால்
அக்டோபர் முடிவதற்குள் வந்தாக வேண்டும்.
வராவிட்டால் இன்னொரு வருடம் வாடகை கட்டலாம்.
அந்த மாதம் முழுக்க
தபால் பெட்டியை யாரும் நேராகப் பார்ப்பதில்லை.
சாவியைத் திருகிவிட்டு
வேறெங்கோ பார்த்தபடி கையை விடுவார்கள்,
பாம்புப் பொந்துக்குள் விடுவதுபோல.

நான் பாடகன் இல்லை.
தேர்வுக்கு வருகிறவர்களுக்குப்
பின்னால் உட்கார்ந்து பியானோ வாசிப்பவன்.
முப்பது வருடத்தில்
முகங்களைவிட முதுகுகளைத்தான் அதிகம் தெரியும்.
பயம் முதலில் குரலுக்கு வருவதில்லை.
தோள்பட்டைகளுக்கு நடுவே
சட்டை ஒரு விரற்கடை மேலே ஏறும்.
மூச்சு தடுமாறுவது அதற்குப் பிறகு.

லுப்லினிலிருந்து இரவு ரயிலில் வந்த பையன்
பெயரைக் கேட்டதற்கு
"பதினேழு" என்றான்,
நெஞ்சில் குத்தியிருந்த எண்ணை.
ஒருத்தி திரைக்குப் பின்னால்
வாளி ஒன்று வைக்கச் சொன்னாள்.
அறுபதைத் தாண்டிய பாஸ் குரல்காரர்
நன்றாகக் கட்டியிருந்த ஷூ நாடாவை
அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.
"கொஞ்சம் வேகமாக வாசியுங்கள்" என்று
காதருகே வந்து சொல்வார்கள் சிலர்.
சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பொருள்.

என் முதல் தேர்வு வைமாரில், இருபத்திரண்டு வயதில்.
விரல்கள் விறைத்துப்போய்
கழிப்பறைச் சுடுநீர்க் குழாயில்
பத்து நிமிடம் பிடித்திருந்தேன்.
இப்போதும் பிடிக்கிறேன்.
அதே பத்து நிமிடம்.

இந்த வருடம் புது இயக்குநர்.
இருப்பவர்களும் மறுபடி பாடிக் காட்ட வேண்டும்.
அன்னெக்ரெட் ஃபோக்டுக்கு இது பதினான்காம் வருடம்.
பதினைந்தைத் தாண்டியவரை நீக்குவது கடினம்,
அதனால் பதினான்கில் பலருக்குக் கடிதம் வரும்.
இந்தக் கணக்கு
கேன்டீனில் சூப் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும்.

எந்தப் பலகையில் கால் வைத்தால் கீச்சிடும் என்று
அறிந்தவள் அவள்.
இதே மேடையில் சூனியக்காரி, பணிப்பெண்,
மூன்று முறை யாரோ ஒருவனின் தாய்.
அன்றைக்குப் பக்கவாட்டுக் கதவால் வந்து
ஊருக்குப் புதியவள்போலத் தலை தாழ்த்தி
"வணக்கம், என் பெயர் அன்னெக்ரெட் ஃபோக்ட்" என்றாள்
ஏழாவது வரிசை இருட்டிடம்.
இருட்டில் ஒரு பேனாவின் மூடி கழன்றது.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.
என் கடிதமும் வரவில்லை இன்னும்.

பாடினாள்.
நடுவில் ஒரு நீண்ட வரி,
எப்போதும் ஒரே மூச்சில் கடந்துவிடுவாள்.
அதற்குச் சற்று முன்னால்
சட்டை ஏறியது.
என் இடது கை
என்னைக் கேட்காமல் தாமதித்தது.
இமைக்கும் நேரத்தில் பாதி.
ஏழாவது வரிசைக்குக் கேட்டிருக்காது.
கேட்டிருக்கலாம்.
அவளுக்குள் காற்று இறங்கும் ஓசை
எனக்குக் கேட்டது.

"நன்றி. வேறு ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா?"
திரும்பி என்னைப் பார்த்தாள்.
மனப்பாடமாகத் தெரிந்த தாள்களைப்
புரட்டிக்கொண்டிருந்தேன்.
"இத்தாலியனில் ஒன்று இருக்கிறது" என்றாள்.
"வேண்டாம், இது போதும்."

போதும் என்றால்
போதுமான அளவு நன்றாக இருந்தது என்றா,
இனிப் போதும் என்றா?
ஆடை அறைக்காரர்கள் முதல் விளக்குப் பையன்வரை
ஆளுக்கொரு உரை எழுதினார்கள் அந்தச் சொல்லுக்கு.

மறுநாள் பருப்பு சூப்.
உப்புக் குப்பியை என் பக்கம் தள்ளியபடி கேட்டாள்:
"நேற்று அந்த இடத்தில் இழுத்தது
நானா, நீங்களா?"

"நீதான்" என்றேன். "அழகாக இருந்தது."

தலையை ஆட்டிவிட்டு ரொட்டியைப் பிய்த்தாள்.
அவளுக்காகச் சொன்னேனா,
தவறிய கை என்னுடையது என்று
யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதென்று சொன்னேனா,
நவம்பரில் யோசிக்க வேண்டும்.

இன்று தேதி இருபத்தொன்பது.
சூப்பில் உப்பே இல்லை.