அடுக்கு எண் இல்லாதது

வெள்ளிக்கிழமை, மினா அப்துல்லா கேம்ப்.
ஏசிக்குக் கீழே வைத்த பக்கெட் மட்டும்
விழித்திருக்கிறது.
கட்டில்மேல் பதினொரு வருஷத்தைக் கொட்டிவிட்டு
நின்றுகொண்டே பார்க்கிறேன்.
உட்கார இடமில்லை.

சரக்கறைக்காரன் நான்.
ஆறங்குல ஃபிளேஞ்ச் எத்தனை மிச்சம்,
எந்த அடுக்கில் எந்த கேஸ்கெட்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஆனைக்குளம் பேரூராட்சியின் சந்தை ஏலக் கணக்கைக் கேட்டால்
தலையணை உறைக்குள் தேடுகிறேன்.

மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம்,
கையால் எழுதி நகலெடுத்து நாற்பது பேருக்கு.
'எக்கட்சியும் சாராதது' என்று தலைப்புக்குக் கீழே.
ஆளுங்கட்சி என்னை எதிர்க்கட்சி என்றது.
ஆட்சி மாறியது.
புது ஆளுங்கட்சியும் அதையே சொன்னது.
இதுவரை கிடைத்த விருது அது ஒன்றுதான்.

நீலக் கோப்பு ஊருக்கு, சிவப்பு மாநிலத்துக்கு.
இரண்டே போதும் என்றுதான் ஆரம்பித்தேன்.
வாறுகாலை நீலத்தில் வைத்தேன்.
பணம் கோட்டையிலிருந்து வந்தது, சிவப்புக்கு மாற்றினேன்.
பணத்தை வரவழைத்தவர் எட்டாவது வார்டின் மைத்துனர்,
திரும்ப நீலம்.
கவுன்சிலரே இல்லாமல் போன ஐந்தரை வருஷம்தான்
இருப்பதிலேயே கனமான கட்டு,
அதை எந்த நிறத்தில் வைப்பது?
மத்தியானத்துக்குள் சிவப்பில் மிஞ்சியது ஒரு தாள்.
அதுவும் இரங்கல் செய்தி.

கெதினிடம் நேற்றே கேட்டிருந்தேன்.
வேல்ஸ்காரர், எங்கள் தர ஆய்வாளர்.
இங்கிலீஷ்காரர் என்று யாராவது வாய்தவறினால்
அன்றைக்குப் பெயின்ட் கனம் போதாதென்று
ஒரு லோடு பைப் திரும்பிப் போகும்.
அவர் இழுப்பறையிலும் இரண்டு கட்டு:
மூடப்போகும் நூலகமும் நின்றுபோன பஸ்ஸும் ஒன்றில்,
கார்டிஃப் இன்னொன்றில்.
நடுவில் அறுந்த ரப்பர் பேண்ட்.
"எங்கே பிரிக்கிறீர்கள்?"
"பஸ் எங்கே நிற்காமல் போகிறதோ, அங்கே."
பெயர்ப்பலகையில் தார் பூசிய எங்கள் கதையைச் சொன்னேன்.
அவர் சித்தி பச்சைப் பெயின்ட் பூசியவராம்,
எட்டு நாள் சிறை.
பால் இல்லாத டீயை உறிஞ்சியபடி
பெயின்ட் பிராண்டையும் சொன்னார்.

அடியில் கிடந்தது இந்தத் தாள்.
நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை.
என் கையெழுத்துதான்.
ஆறாம் பிளாக்கில் தண்ணீர் வராத பதினேழு நாள்:
தேதி, லாரி வந்த நேரம்,
குடத்தோடு நின்ற தலைகள்.
மாதத் தாளுக்கென்று எழுதி
நகலெடுக்கும் முன் உருவிவிட்டேன்.
பள்ளம் தெரியாமல் இருக்க
அங்கே சந்தை ஏலத்தைப் போட்டேன்.

பயம்தான். வேறென்ன?
கடல் தாண்டி இருக்கிற தலைவரை
இனிஷியலோடு திட்டியவன்
நாலு கதவு தள்ளி இருக்கிற கேம்ப் பாஸை
'சிலர்' என்றுகூட எழுதவில்லை.
இங்கே எனக்கு ஓட்டு இல்லை,
அங்கே என் ஓட்டைப் போட நான் இல்லை.
எக்கட்சியும் சாராதது.
தள்ளி இருப்பதும் ஒரு கட்சிதான் போல.

சரக்கறையில் எண் இல்லாமல் வரும் சாமானுக்கு
ஹோல்டு என்று ஓர் அடுக்கு உண்டு.
எடுத்துப் பூட்டவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது.
மஞ்சள் டேக் கட்டி
வாராவாரம் யாராவது பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.
வால்வு வந்த அட்டைப்பெட்டியைக் காலிசெய்து
தாளை அதில் வைக்கிறேன்.
டேக்கில் இன்றைய தேதி. கையெழுத்து என்னுடையது.

அமல்தாஸ் போர்வைக்குள்ளிருந்து,
"எல்லாம் ஒதுங்கிச்சா?"
"ஒண்ணு பாக்கி."
பக்கெட் வழிகிறது.
கொட்டிவிட்டு வர எழுந்தவன்
ஆறாம் பிளாக் பக்கம் நடக்கிறேன்,
சட்டைப்பையில் பேனா.