தூக்கிய காலுக்குக் கீழே

லோரோங் கூலிட் பழஞ்சந்தையில்
ஆறு வெள்ளிக்குக் கிடைத்தான்.
பெட்டி இல்லை, படம் போட்ட தாள் இல்லை,
பிஸ்கட் டின்னுக்குள் துருப்பிடித்த சாவிகளோடு கிடந்தான்.
கட்டைவிரல் உயரம்.
தோளில் மழைக்கோட்டு மாதிரி ஏதோ.
கையில் இருந்தது உடைந்து போயிருந்தது.
எந்த ஊர்ச் சிப்பாய், யாரோடு சண்டை
விற்றவருக்கே தெரியவில்லை.

வலது கால் தரையில்.
இடது கால் அந்தரத்தில்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
அவனை வார்த்த தொழிற்சாலை
அந்தக் காலுக்குக் கீழே எதையாவது வைத்திருக்கும்.
கல்லோ, படியோ,
விழுந்து கிடக்கும் இன்னொருவனோ.
தில்லைக்காரர் என்றால் கவலை இல்லை:
ஊன்றிய காலுக்கு முயலகன்,
தூக்கிய காலுக்கு வானம்.
இவனுக்கு நான்தான் நிலம் பார்க்க வேண்டும்.

பாறை வைத்தேன்.
போட்டோ ஸ்டூடியோவில் நிற்கிற மாப்பிள்ளை, என்றாள் வசுமதி.
படி வைத்தேன். எங்கே போகிற படி?
வேறொரு பெட்டியிலிருந்து ஒருவனை எடுத்துக்
கிடத்தியும் பார்த்தேன்.
ஒரே ஓர் இரவு.
ஷிப்ட் முடிந்து வந்து விளக்கைப் போட்டதும்
எடுத்துவிட்டேன்.
நாங்கள் சாப்பிடுகிற மேசை அது.

பிறகு ஒரு சாயங்காலம்,
கிம்பர்லி தெருவில் மழை விட்ட நேரம்,
நானே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
ஐந்தடி நடைபாதையின் விளிம்பு.
கீழே லோங்காங் நிரம்பி ஓடுகிறது.
தாண்டலாமா, செருப்பு போய்விடுமா.

அட, இதுதான்.

தக்கையை அறுத்து நடைபாதை.
சுண்ணாம்புக் கலவை ஈரமாக இருக்கும்போதே
ஊசியால் கீறித் தரை ஓடுகள், இரண்டு மட்டும் விரிசலோடு.
சாக்கடை வண்டலுக்குக் காப்பி மண்டி.
பாசிக்குப் பச்சை ஸ்பாஞ்சை பிளெண்டரில் அரைத்தேன்.
மறுநாள் சட்னியில் வசுமதி எதையோ கண்டெடுத்தாள்.
நான்கு நாள் பேச்சு இல்லை.

தண்ணீர்தான் கடைசி.
ரெசின் இரண்டு பங்கு, இறுக்கி ஒரு பங்கு,
குமிழி வராமல் மெல்லக் கலக்க வேண்டும்.
எங்கள் ஊர்க் காற்றிலேயே பாதி தண்ணீர்:
முதல் தடவை லோங்காங்கில் பால் ஓடியது.
சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் ஊற்றினேன்.
பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வீசி எறிகிற
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சுற்றி அடுக்கி
ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்தேன்.
ஒரு பகல், ஓர் இரவு, தொடக்கூடாது.

திறந்தால்
நடு ஓட்டத்தில் ஓர் எறும்பு.

கால்கள் ஆறும் விரிந்து, கண்ணாடிக்குள்.
இரவெல்லாம் நுண்ணோக்கியில்
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைப் பார்க்கிற கண் எனக்கு;
லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
ஓர் உணர்கொம்பு மட்டும்
தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு
விசிறிக் காற்றுக்கு ஆடியது.

ஊசியால் தோண்டலாம்.
தோண்டினால் ஆறு உடையும்.

ஐந்தாம் நாள்.
வசுமதி தேநீரோடு வந்தாள், மூக்குக்கண்ணாடி இல்லாமல்.
குனிந்து பார்த்து, பேச்சை அங்கே தொடங்கினாள்:
"எலி நல்லா வந்திருக்கே."

கணக்குப் போட்டேன்.
எறும்பு ஆறு மில்லிமீட்டர்.
இவன் உலகம் முப்பத்தைந்தில் ஒன்று.
பெருக்கினால் இருபத்தொரு சென்டிமீட்டர்.
கிம்பர்லி தெருப் பெருச்சாளி, அச்சு அசல்.

அதற்குப் பிறகு அவனை வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.
தாண்டப் போகிறவன் இல்லை.
மிதிக்கப் போகிறவனும் இல்லை.
கீழே ஏதோ போவதைக் கண்டு
காலை அப்படியே நிறுத்திக்கொண்டவன்.
எத்தனை வருஷமாக இப்படி நிற்கிறானோ,
டின்னுக்குள், சாவிகளுக்கு நடுவில்,
அது வந்து சேரும்வரை.

ஆனாலும்
பொம்மைப் பிணம் வேண்டாமென்று எடுத்த இடத்தில்
நிஜமாகவே ஒன்று கிடக்கிறது.
மேசையை மாற்றவில்லை.
அங்கேதான் சாப்பிடுகிறோம்.

அடுத்த மாதம் கொம்தாரில் கண்காட்சி.
விண்ணப்பத்தில் ஒரு வரி: பயன்படுத்திய பொருட்கள்.
தக்கை, சுண்ணாம்பு, காப்பி மண்டி,
ஸ்பாஞ்சு, ரெசின்,

காற்புள்ளி வரைக்கும் எழுதியாயிற்று.