விளக்கணைக்கும் நேரம்

லெர்விக், துறைமுகத்தை ஒட்டிய மாடியறை.
மாதம் இருமுறை, வியாழன், ஒன்றரை மணி நேரம்.
ஓஸ்லா நனைந்த கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு
வழக்கம்போல் ஹீட்டரைத் திட்டுவாள்.
என்னைவிட ஒன்பது வயது மூத்தவள்.
இருபத்திரண்டு வருடம் பயணிகள் படகில் டிக்கெட் கிழித்துவிட்டு
அதற்குப் பிறகு உளவள ஆலோசனை படித்தவள்.
மேற்பார்வை என்று பெயர்;
என் நாற்காலிதான் சற்றுத் தாழ்வு.

இந்தத் தீவில் பெயரை மறைத்துப் பயனில்லை.
நாயின் நிறம் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.
அதனால் தன்னிடம் வருகிறவர்களுக்கு அவள்
பறவைப் பெயர் வைத்திருந்தாள்.
ஆலா குடியை விட்டு நாற்பது நாள்.
உள்ளானுக்கு மறுபடி அதே கனவு.
நீர்க்காகம்
கதவுப்பிடியில் கைவைத்த பிறகுதான்
பேசவே தொடங்குகிறார்.
"நான் ஏன் அவரை நிறுத்துவதில்லை?" என்றாள்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாங்களும் பத்து நிமிடம் தாண்டியிருந்தோம்.

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, பிப்ரவரி வரை.

"நீர்க்காகத்துக்கு இப்போது தூக்கம் வருகிறதாம்.
எதிர்ச்சரிவில் ஒரு மஞ்சள் கதவு வீடு,
அதன் மாடி விளக்கு அணையும்வரை விழித்திருப்பாராம்.
அணைந்ததும்,
யாரோ இந்த நாளைப் பூட்டிவிட்டார்கள் என்று
படுத்துக்கொள்வாராம். மனைவி போன பிறகு..."

நிறுத்து என்றேன்.
குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

அந்தக் கதவுக்கு வண்ணம் அடித்தது நான்,
கடையில் மிச்சமிருந்த ஒரே டப்பா.
என் மாடி ஜன்னலுக்கு நேரே இருப்பது ஒரே வீடு:
போன குளிர்காலம் என் டயரை மாற்றித் தந்து
காசு வேண்டாம் என்றவருடையது.

ஓஸ்லா மறுகேள்வி கேட்கவில்லை.
எந்த முகத்திடம் எதைக் கேட்கக்கூடாதென்று
படகிலேயே படித்துக்கொண்டவள்.
நோட்டை மூடினாள்.
நீர்க்காகத்தைப் பற்றி இனி
ஓர்க்னியில் வேறொருவரிடம், திரை வழியே.
ஆலாவும் உள்ளானும் என்னோடு.
எழுதிக் கையெழுத்திட்டோம். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.
காதில் விழுந்ததைத் திருப்பித் தர மட்டும்
எந்தப் படிவத்திலும் இடமில்லை.

அன்றிரவு, ஸ்விட்சின் மேல் விரல்.
பதினொன்றா, பதினொன்றரையா,
வழக்கமாக எப்போது அணைப்பேன்?
நினைவிருக்க வேண்டிய காரியமாகவே
அது இருந்ததில்லை.
சீக்கிரம் அணைத்தால் அவரைத் தூங்கச் சொல்வதாகிறது.
புத்தகத்தோடு விழித்திருந்தால்
அறுபது வயது மனிதரை
வீம்புக்கு உட்கார வைத்திருப்பதாகிறது.
ஒருமுறை எட்டு மணிக்கே பல்பு போனது.
இரவு உடையில், மழையில்,
கீழ்வீட்டில் போய்க் கடன் கேட்டேன்.

எனக்கும் ஒருவர் இருக்கிறார், அபர்தீனில்.
டல்கார்னோ
காதுக் கருவியைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.
"ஒரு பல்பை வைத்து வைத்தியம் பார்க்கிறாய்," என்றார்.
பிறகு, "உனக்கு யார் விளக்கணைக்கிறார்கள்?"
நல்ல கேள்வி என்று அவருக்கே தெரிந்திருந்தது.
அதனால் எனக்குக் கோபம் வந்தது.

ஏப்ரலில் பெட்ரோல் பங்கில் நீர்க்காகத்தைப் பார்த்தேன்.
இல்லை, அவரை. அவருக்குப் பெயர் இருக்கிறது.
"காற்று," என்றார்.
"காற்றுதான்," என்றேன்.
எங்கள் ஊரில் அது முழு உரையாடல்.

இப்போது ஜூன்.
ஜூனில் இந்த ஊருக்கு இருட்டத் தெரியாது.
நள்ளிரவிலும் வானம்
கழுவிக் கவிழ்த்த பால் பாத்திரம்.
எவர் வீட்டிலும் விளக்கு வேண்டாம்.
அவர் எதைப் பார்த்துத் தூங்குகிறாரோ,
தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கில்லை.
நான் நன்றாகத் தூங்குகிறேன்.

ஆகஸ்டில் முதல் இருட்டு வரும்.
பல்பு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.